உருகும் சரக்கு

காலையில் எட்டணாவுக்கு ஒன்று விற்ற குச்சி ஐஸ், பொழுது சாயும் நேரத்தில் எட்டணாவுக்கு இரண்டு. எங்கள் பக்கத்தில் இது தெரியாத பிள்ளை கிடையாது. வாய்ப்பாட்டில் தடுமாறுகிறவன்கூட இந்தக் கணக்கில் கெட்டி. பொறுத்தால் இரண்டு. ஆனால் பொறுத்திருந்து வாங்கியது முனை மழுங்கி, உடம்பு இளைத்து, எந்த நிமிடமும் குச்சியிலிருந்து கழன்று மண்ணில் விழுகிற நிலையில் இருக்கும். ஐஸ்காரருக்கு மனசு இளகிவிட்டது, அதனால்தான் விலையும் இறங்குகிறது என்றே அப்போது நம்பினேன். இளகியது சரக்கு என்று விளங்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

குச்சி ஐஸைப் பற்றிப் பேசினால் எல்லோருக்கும் சட்டென்று நெஞ்சு கனிந்துவிடுகிறது. நிறம், இனிப்பு, ஹாரன் சத்தம், சிவந்த நாக்கு என்று அடுக்குவார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஐஸ் எந்த ஊருக்கு வந்தது, யார் கொண்டுவந்தார், என்ன விலை, எப்படித் தின்றோம், ஏன் இன்னும் மறக்கவில்லை என்கிற எல்லாவற்றையும் தீர்மானித்தது அது உருகும் வேகம் என்பது என் எண்ணம். உலகத்தின் மற்ற இடங்களில் உறைந்த உணவு என்றால் மாதக்கணக்கில் வைத்துத் தின்பது. நமக்கு வாய்த்த முதல் உறைந்த உணவோ வைத்துக்கொள்ளவே முடியாதது.

எங்கள் செம்பட்டி பெரிய ஊர் இல்லை, ஆனால் பெரிய முக்கு. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, தேனி, குமுளி என்று போகிற பஸ்ஸும், மதுரையிலிருந்து நிலக்கோட்டை வழியாக ஒட்டன்சத்திரம், பழநி போகிற பஸ்ஸும் இங்கே வந்து நின்று கிளம்பும். பஸ் நிற்கிற சில நிமிடங்களில் சன்னலுக்குக் கீழே வெள்ளரிப்பிஞ்சு, வேகவைத்த கடலை, முறுக்கு என்று ஒரு சந்தையே கூடிக் கலையும். பங்குனி உத்திரத்துக்குப் பழநிக்கு நடக்கிறவர்கள் தார் கொதிக்கிற ரோட்டில் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு இந்த வழியாகத்தான் போவார்கள். மேற்கே நிமிர்ந்தால் கொடைக்கானல் மலை. மார்கழி, தை மாதங்களில் அதன் உச்சிப் புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படியும். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் பனி இருந்தும் கீழே நிற்கிறவன் நாக்குக்கு அதில் ஒரு துளி வந்ததில்லை.

கீழ்நாட்டு வெயிலுக்கு நம்மவர்களிடம் மருந்து இல்லாமல் இல்லை. மண்பானைத் தண்ணீர், நீர்மோர், பானகம், ஓலைப்பட்டையில் பதநீர். பானையின் மேல் கசிகிற நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அந்த வித்தை தண்ணீரைச் சில டிகிரி குளிர்விக்குமே தவிர உறைய வைக்காது. வடக்கே அலகாபாத் போன்ற இடங்களில் குளிர்கால இரவுகளில் அகன்ற மண்தட்டுகளில் தண்ணீரை வைத்து, வைக்கோல் பரப்பின் மேல் திறந்த வானத்தைப் பார்க்க விட்டு, விடியற்காலையில் மெல்லிய ஐஸ் தகடுகளைச் சுரண்டி எடுத்தார்கள். தெற்கே அப்படி ஓர் இரவு வருவதில்லை. அதனால் தமிழ்நாட்டுச் சமவெளிக்கு ஐஸ் முதலில் கப்பலில்தான் வந்தது.

பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரெடரிக் டியூடர், 1833இல் ‘டஸ்கனி’ என்ற கப்பலில் 180 டன் ஐஸை ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நாலு மாதக் கடல் பயணம், பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டவேண்டும். போய்ச் சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் மிஞ்சியிருந்தது. மரத்தூளில் பொதிந்து அனுப்பியதுதான் ரகசியம். 1842இல் சென்னைக் கடற்கரையில் இந்த ஐஸைச் சேமிக்க ஒரு கட்டடம் எழுந்தது. திருவல்லிக்கேணிக்காரர்கள் இன்றும் அந்தப் பகுதியை ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்கிறார்கள். வால்டன் குளத்தங்கரையில் குடிசை போட்டு வாழ்ந்த எழுத்தாளர் தோரோ, தன் குளத்தில் ஐஸ் வெட்டப்படுவதைப் பார்த்து, அது சென்னை வரை போய்ச் சேருவதை நினைத்து வியந்து தன் புத்தகத்தில் எழுதிவைத்தார்.

இங்கே ஒரு கிளைக்கதை. அதே பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் ஒன்று 1834இல் மதுரையில் கால் ஊன்றியது. அதன் பாதிரிமார்கள் வெயிலும் காலராவும் தாங்காமல் மலையேறி, 1845இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். ஒரே ஊரிலிருந்து கிளம்பிய குளிர் ஒரு பக்கம் கப்பலில் வந்து இறங்கியது. அதே ஊர் அனுப்பிய மனிதர்கள் மறுபக்கம் குளிரைத் தேடி மலையேறினார்கள். இரண்டுக்கும் நடுவே இருந்த செம்பட்டிச் சமவெளிக்கு இரண்டும் எட்டவில்லை. ஐஸ் அப்போது துரைமார் வீட்டுச் சங்கதி, இல்லையென்றால் ஆஸ்பத்திரிச் சங்கதி.

நீராவி எந்திரத்தில் உள்ளூரிலேயே ஐஸ் செய்யும் முறை வந்ததும் டியூடரின் வியாபாரம் படுத்தது. ஐஸ் ஹவுஸை பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் வாங்கினார். 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார், இப்போது அது விவேகானந்தர் இல்லம். வெளியூரிலிருந்து வந்த சரக்கு கரைந்துபோய்க் கட்டடம் மட்டும் மிச்சம்.

குச்சியின் கதை வேறு. 1905இல் கலிபோர்னியாவில் ஃபிராங்க் எப்பர்சன் என்ற பதினோரு வயதுப் பையன், சோடாத் தூள் கரைத்த தண்ணீரைக் கலக்கிய குச்சியோடு வாசல் திண்ணையில் மறந்து வைத்துவிட்டான், இரவுக் குளிரில் அது உறைந்துபோயிற்று என்று சொல்வார்கள். பெரியவனானதும் 1924இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பாப்சிகிள் என்று உலகம் அறிந்தது அதைத்தான். கதை எவ்வளவு நிஜமோ, ஒன்று கவனிக்கத்தக்கது: அந்தத் திண்ணையில் வேலை செய்தது குளிர்கால இரவு, செலவில்லாத குளிர். நம் ஊரில் அந்தக் குளிரை மின்சாரத்தால் செய்யவேண்டியிருந்தது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் ஓடத் தொடங்கியது. மேட்டூர் 1937இல், பாபநாசம் 1944இல். கம்பி எந்த ஊரைத் தொட்டதோ அந்த ஊரில் முதலில் ரைஸ் மில், பிறகு டூரிங் டாக்கீஸ், பிறகு ஐஸ் கம்பெனி என்று வந்தன. கம்பெனி என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். ஒரு கொட்டகை, ஒரு தொட்டி, நாலைந்து ஆட்கள்.

அந்தத் தொட்டிதான் எல்லாம். அம்மோனியா கம்ப்ரஸர் ஒன்று உப்புத் தண்ணீரைக் குளிர்விக்கும். வெறும் தண்ணீர் பூஜ்யத்தில் உறைந்துவிடும். ஆனால் கறியுப்பைச் சரியான அளவில் கரைத்தால் மைனஸ் 21 டிகிரி வரை திரவமாகவே நிற்கும். அந்தத் தண்ணீருக்குள் வரிசை வரிசையாகத் தகர அச்சுகளை இறக்குவார்கள். அச்சுக்குள் சர்க்கரைத் தண்ணீர், சாயம், எசன்ஸ். மேலே ஒரு சட்டத்தில் மூங்கில் குச்சிகள் நட்டநடுவில் தொங்கும். உறைந்ததும் அச்சை ஒரு கணம் சாதாரணத் தண்ணீரில் முக்கினால் ஒட்டு விட்டுக்கொடுத்து ஐஸ் மொத்தமாகக் கையோடு வரும். உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு அச்சுக்குள் தெறித்திருந்தால் அந்த ஐஸ் கரிக்கும். முதல் கடியிலேயே முகத்தைச் சுளித்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும்.

சேமியா ஐஸில் சேமியா எப்போதும் நுனியில்தான் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அச்சில் ஐஸ் தலைகீழாக நிற்கிறது. நாம் நுனி என்று கடிப்பது தொட்டியில் அடிப்பக்கம். உறைவதற்குள் சேமியா கீழே போய்த் தங்கிவிடுகிறது. ஜவ்வரிசிக்கும் இதே கதிதான். முதல் இரண்டு கடியில் சேமியா தீர்ந்துபோய் மீதிக்கு வெறும் பால் தண்ணீர் என்று ஐஸ்காரரோடு சண்டைக்கு நின்றோம். வழக்கைப் புவியீர்ப்பு விசையின் மேல் போட்டிருக்கவேண்டியது. ‘அணில்’ சேமியா திண்டுக்கல்லில் செய்வது என்பதால் எங்களுக்குச் சேமியாவின் மேல் ஊர்ப்பாசம் வேறு.

இன்னொரு பழைய குறையும் உண்டு. உறிஞ்ச உறிஞ்சச் சாயமும் இனிப்பும் வாய்க்கு வந்துவிட்டு, கையில் வெறும் வெள்ளைக் கட்டி மிஞ்சும். ஏமாற்று என்றுதான் நினைத்தோம். உண்மையில் தண்ணீர் உறையும்போது தன் படிகத்துக்குள் சர்க்கரையையோ சாயத்தையோ சேர்த்துக்கொள்வதில்லை, வெளியே தள்ளிவிடுகிறது. தள்ளப்பட்ட கெட்டிப் பாகு படிகங்களுக்கு நடுவே உள்ள மயிரிழைச் சந்துகளில் உறையாமல் தங்குகிறது. நாம் உறிஞ்சுவது அந்தச் சந்துப் பாகை. மிஞ்சுவது சுத்தமான தண்ணீரின் கட்டி. இந்த விளையாட்டுக்கும் ஐஸ் உருகுநிலைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். கல்லாக உறைந்ததை எவ்வளவு உறிஞ்சினாலும் பாகு அவ்வளவு எளிதில் வராது.

காலையில் ஐஸ்காரர்கள் சைக்கிளோடு கம்பெனி வாசலில் நிற்பார்கள். கேரியரில் மரப்பெட்டி, உள்ளே முற்காலத்தில் உமியோ மரத்தூளோ அடைத்த இரட்டைச் சுவர், பிற்பாடு தெர்மாகோல். மூடி மேல்பக்கம் இருக்கும், அதுவும் சின்னதாக. குளிர்ந்த காற்று கனமானது, கீழேதான் தங்கும். பக்கவாட்டில் கதவு வைத்தால் திறக்கும்போதெல்லாம் கொட்டிப்போய்விடும். எண்ணி வாங்கிக்கொண்டு, கைப்பிடியில் மாட்டிய ரப்பர் ஹாரனைப் ‘பாம் பாம்’ என்று அமுக்கிக்கொண்டு சித்தையன்கோட்டைப் பக்கமோ ஆத்தூர்ப் பக்கமோ சின்னாளபட்டிப் பக்கமோ மிதித்துவிடுவார்கள்.

அந்தப் பெட்டிக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு குச்சி ஐஸ் 60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் ஐஸ் கரைய 334 ஜூல் வெப்பம் வேண்டும். ஆக ஒரு குச்சி முழுதாகக் கரைய ஏறத்தாழ 20 கிலோஜூல். பெட்டியின் மொத்தப் பரப்பு ஒரு சதுர மீட்டர், சுவரில் ஐந்து சென்டிமீட்டர் தெர்மாகோல், வெளியே 40 டிகிரி சித்திரை வெயில் என்றால், மூடியைத் திறக்காமலே மணிக்கு ஏறத்தாழ 100 கிலோஜூல் உள்ளே கசியும். அதாவது மணிக்கு ஐந்து குச்சி. திறந்து திறந்து மூடினால் இன்னும் கூடும்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. பெட்டிக்குள் நுழையும் வெப்பம் உள்ளே எத்தனை ஐஸ் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. நூறு இருக்கும்போது மணிக்கு ஐந்து குச்சி நஷ்டம் என்பது ஒவ்வொன்றும் இருபதில் ஒரு பங்கு இளைப்பது. விற்று விற்று இருபதே மிஞ்சியிருக்கும்போது அதே வெப்பம் அந்த இருபதின் தலையில் விழுகிறது. ஒரு மணி நேரத்தில் ஒவ்வொன்றும் கால் பங்கு காலி. எனவே கடைசிச் சரக்குதான் வேகமாகச் சாகும். நாலு மணிக்கு மேல் ஐஸ்காரர் ஹாரனை ஓயாமல் அமுக்கியதற்கும், எட்டணாவுக்கு இரண்டு கொடுத்ததற்கும் காரணம் இதுதான். காலை விலையில் கம்பெனிக்குத் தரவேண்டிய காசு வந்துவிடவேண்டும். மாலையில் வருவது அவர் சோறு, அதுவும் ஒழுகிக்கொண்டிருக்கிற சோறு.

அவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும் இதே கணக்குதான் வரைந்தது. சைக்கிள் மிதிக்கிற வேகம், பெட்டி தாங்குகிற நேரம் இரண்டையும் பெருக்கினால் ஒரு வட்டம் வரும். வட்டத்துக்கு உள்ளே இருந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஐஸ் உண்டு. வெளியே இருந்த மலையடிவாரத்துப் பிள்ளைகள் திருவிழாவுக்குக் கீழே இறங்கினால்தான் உண்டு. குச்சி ஐஸ் எல்லாக் கிராமத்துக்கும் பொதுவான இளமைக்காலம் என்று எழுதுகிறவர்கள் இந்த வட்டத்தை மறந்துவிடுகிறார்கள்.

கடன் கொடுக்கிற வழக்கமும் இதனாலேயே வினோதமாக இருந்தது. பலசரக்குக் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொள்வார். ஐஸ்காரர் நாளைக்கு எந்தத் தெருவுக்கு வருவாரோ தெரியாது. “அண்ணே, நாளைக்குக் காசு தாரேன்” என்றால் “ஐஸும் நாளைக்கே தாரேன், போ” என்பார். ஆனால் காசுக்குப் பதிலாகப் பொருள் வாங்குவார். துருப்பிடித்த லாடம், உடைந்த கொழு, அலுமினியச் சட்டி, காலி பாட்டில். தென்மாவட்டக் கிராமங்களில் புளியங்கொட்டையும் வேப்பமுத்தும்கூட ஐஸாக மாறின. புளியங்கொட்டை மாவு நூலுக்குக் கஞ்சி போட உதவும். வேப்பமுத்து எண்ணெய் மில்லுக்குப் போகும். கையில் பைசா இல்லாத பிள்ளைக்குச் சாலையோரப் புளியமரமே கருவூலம். பெற்றோரிடம் கேட்காமல் ஒரு பிள்ளை தன் உழைப்பில் பொறுக்கிச் சேர்த்து, தானே பேரம் பேசி வாங்கக்கூடிய பண்டம் அன்று இதைவிட வேறு எது இருந்தது? வீட்டில் காணாமல் போன பித்தளை மூடிகளைப் பற்றி இங்கே பேசவேண்டாம்.

தின்பதற்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. மிட்டாய் என்றால் சட்டை நுனியில் பொதிந்து காக்காக் கடி கடித்து நாலு பேர் பங்கு போடலாம், மிச்சத்தைப் பையில் போட்டு மறுநாள் தின்னலாம். ஐஸில் காக்காக் கடி செல்லாது. ஆளுக்கு ஒரு உறிஞ்சு என்று சுற்றில் விடவேண்டும், அதுவும் சீக்கிரமாக. தம்பிக்கு என்று வீட்டுக்கு எடுத்துப் போனால் போய்ச் சேர்வது சிவந்த குச்சியும் முழங்கை வரை வழிந்த சர்க்கரையும். வாங்கின இடத்திலேயே நின்று, பேச்சை நிறுத்தி, முழுக் கவனத்தோடு தின்றாகவேண்டிய பண்டம் அது. அவ்வளவு கவனத்தோடு நாம் வேறு எதையும் தின்றதில்லை. மறக்காததற்கு எனக்குத் தெரிந்து இதுதான் பெரிய காரணம்.

சுவையைச் சொல்லிப் பெருமைப்பட அதிகம் இல்லை என்பதை ஒத்துக்கொள்ளவேண்டும். திராட்சை ஐஸை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை ஏற்றிய லாரிகள் தேனி ரோட்டில் செம்பட்டி வழியாகத்தான் போகும். அந்த லாரி போன புழுதியில் நின்று நாங்கள் தின்ற ஊதா ஐஸில் திராட்சை கிடையாது. திராட்சை எசன்ஸின் வாசனைக்கு ஆதாரம் மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற சேர்மம். அது அமெரிக்காவின் கான்கார்டு திராட்சையின் மணம். பன்னீர் திராட்சையோ மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வேறு இனம், அதன் மணமும் வேறு. ஆக, வாழ்நாளில் பார்த்தேயிராத ஒரு பழத்தின் வாசனையைத் திராட்சை வாசனை என்று நம்பி வளர்ந்தோம். ஆரஞ்சுக்கும் அப்படியே. கொடைக்கானல் கீழ்மலையில் கமலா ஆரஞ்சு விளைந்தது, ஆனால் ஐஸின் ஆரஞ்சு வேறு எங்கோ விளைந்தது. சிறுமலை வாழைப்பழம் மட்டும் இந்த அவமானத்திலிருந்து தப்பியது. வாழைப்பழ ஐஸ் என்று எங்கள் பக்கம் யாரும் விற்கவில்லை.

இனிப்பிலும் சங்கதி உண்டு. நாக்கின் பின்பக்கம் ஒரு கசப்பு தங்கினால் அது சாக்கரின். 1879இல் ஃபால்பெர்க் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது, சர்க்கரையைவிட முந்நூறு மடங்குக்கு மேல் இனிப்பது, சர்க்கரையைவிட மிக மலிவாக முடிவது. இன்றைய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி குச்சி ஐஸில் சர்க்கரை பத்து சதவீதத்துக்குக் குறையக்கூடாது, செயற்கை இனிப்பு சேர்க்கவே கூடாது. செயற்கைச் சாயங்களில் எட்டுக்குத்தான் அனுமதி. துணிக்குப் போடுகிற ரோடமின்-பி பஞ்சு மிட்டாயில் இருப்பது தெரிந்ததும் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாயையே தடை செய்தது நினைவிருக்கும். அன்றைய எங்கள் ஐஸை யாரும் ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் இந்தக் கட்டுரையின் தொனி மாறியிருக்கலாம்.

வாத்தியார்களும் அம்மாக்களும் சாக்கடைத் தண்ணீரில் செய்கிறான் என்று மிரட்டினார்கள். சாக்கடை என்பது மிகை. ஆனால் பயம் பொய்யல்ல. டைபாய்டு கிருமி உறைவதால் அடியோடு அழிவதில்லை, ஐஸில் தூங்கிவிட்டு வயிற்றில் விழிக்கும். தண்ணீரைக் காய்ச்சாமல் ஊற்றியிருந்தால் அழகான நிறத்தில் நோயையும் வாங்கித் தின்றோம். பழைய நாளெல்லாம் சுத்தமான நாள் என்று பேசுகிறவர்கள் மே, ஜூன் மாதத்து ஆஸ்பத்திரி வரிசைகளையும் சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

வரி விஷயத்தில் ஒரு வேடிக்கை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது சிறு உற்பத்தியாளர்கள் குறைந்த விகிதத்தில் மொத்தமாகக் கட்டிவிட்டுப் போகத் தொகுப்புத் திட்டம் ஒன்று வைத்தார்கள். அதில் சேர முடியாத உற்பத்தியாளர்கள் என்று விலக்கிவைத்த பட்டியலில் பான் மசாலா, புகையிலை, ஐஸ்கிரீம் மற்றும் பிற உண்ணத்தக்க ஐஸ் என்று இருந்தது. 2019இல் சரக்கு விற்பவர்களுக்கான பதிவு வரம்பை 20 லட்சத்திலிருந்து 40 லட்சமாக உயர்த்தியபோதும் இவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. ஒரு கொட்டகைக்குள் குச்சி ஐஸ் செய்கிறவனைக் குட்காக்காரனோடு ஒரே பாயில் உட்காரவைத்த அறிவு யாருடையதோ. வரி விகிதம் 18 சதவீதமாக இருந்து, 2025 செப்டம்பரில்தான் ஐந்துக்கு இறங்கியது. அதற்குள் பல கொட்டகைகள் வேறு தொழிலுக்கு மாறியாயிற்று.

கொட்டகைகளை மூடவைத்தது வரி மட்டுமல்ல. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத காலம் ஒன்று இருந்தது. உப்புத் தொட்டி சில மணி நேரம் குளிரைப் பிடித்துவைக்கும், பாதி நாள் தாங்காது. அதற்கு முன்பே பெட்டிக்கடைகளில் ஃபிரிட்ஜ் வந்து, நீளமான பிளாஸ்டிக் குழாயில் சாயத்தண்ணீரை ஊற்றி முடிச்சுப் போட்டு உறையவைத்த ஐஸ் பரவியிருந்தது. அதற்குப் ‘பெப்சி’ என்று பெயர். அந்தப் பெயருள்ள கம்பெனிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குழாய் ஐஸுக்குக் குச்சி வேண்டாம், அச்சு வேண்டாம், அம்மோனியா வேண்டாம், சைக்கிளும் வேண்டாம். கடைக்காரர் வீட்டிலேயே செய்துவிடலாம். குளிர் முதன்முறையாக ஓர் இடத்தில் நிலையாக உட்கார்ந்தது, பிள்ளைகள் அதைத் தேடிப் போகத் தொடங்கினார்கள். அரசு 2006இல் டிவி கொடுத்தது, 2011இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. ஃபிரிட்ஜை ஜனங்கள் தவணையில் தாங்களே வாங்கிக்கொண்டார்கள்.

குச்சியிலிருந்து கிளம்பி மேலே போனவர்களும் உண்டு. ஆர்.ஜி. சந்திரமோகன் 1970இல் சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலில் குச்சி ஐஸ் செய்து தள்ளுவண்டிகளில் விற்கத் தொடங்கினார். அதுதான் அருண் ஐஸ்கிரீமாகவும், பிறகு ஹட்சன் நிறுவனமாகவும் வளர்ந்தது. உருகும் சரக்கில் பணம் பண்ணவேண்டுமானால் முதலில் உருகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதே இந்தத் தொழில் மொத்தத்தின் வளர்ச்சிக் கதை. கம்பெனியின் குளிர்வண்டி, கம்பெனியின் படம் ஒட்டிய ஃபிரீசர், மைனஸ் 18 டிகிரி. செம்பட்டி பஸ் ஸ்டாப்பில் இப்போது எந்தக் கடையில் நின்றாலும் அந்தக் கண்ணாடி மூடிக்குள் பார்க்கலாம். சாயங்காலத்திலும் அதே விலை. விலை உறையின் மேல் அச்சாகியிருக்கிறது, யாரிடம் பேரம் பேசுவது?

மற்ற தேசத்தவர்களுக்கும் மலிவான உறைந்த பண்டத்தின் மேல் இப்படி ஓர் ஏக்கம் உண்டு. இங்கிலாந்தில் 1955இல் பேர்ட்ஸ் ஐ கம்பெனி மீன் விரல்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த மீன் துண்டுகளை இன்றும் நடுவயதுக்காரர்கள் ரொட்டிக்கு நடுவே வைத்துத் தின்று கண்கலங்குகிறார்கள். அந்த ஏக்கத்தில் இருப்பது வீடு: அம்மா, அடுப்பு, மழை பெய்யும் சாயங்காலம். நம் ஏக்கத்தில் வீடு இல்லை, தெரு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் குச்சி ஐஸை ஐஸ் பழம் என்பார்கள், எனக்குப் பொறாமை தருகிற பெயர். 1990களின் போர்க்காலத்தில் மின்சாரமும் இல்லாமல் பொருள் தடையும் இருந்த வருஷங்களில் அங்கே ஒரு தலைமுறைக்கு ஐஸ் பழம் என்பது அண்ணன் அக்கா சொன்ன கதையாகவே இருந்தது. அந்த ஏக்கத்தை எங்களுடையதோடு சேர்த்து எண்ணக்கூடாது.

நமக்கு இந்தப் பண்டத்தின் மேல் இருந்த பிரியம் மொழியிலும் ஏறிவிட்டது. ஒருவரைப் புகழ்ந்து காரியம் சாதிப்பதை ஐஸ் வைப்பது என்கிறோம். வெயில் ஊரில்தான் இப்படி ஒரு சொல் பிறக்கும். பனிக்கூழ் என்று தூய தமிழில் சொல்லிப் பார்த்தார்கள், யாரும் அதை யாருக்கும் வைப்பதில்லை.

போன சித்திரையில் திண்டுக்கல் கடை ஒன்றில் பழைய பாணி என்று உறையில் எழுதிய சேமியா ஐஸ் பெட்டி ஒன்றை வாங்கி வந்து வீட்டு ஃப்ரீசரில் வைத்தேன். சுத்தமான பால், சரியான சர்க்கரை, சேமியா நுனியிலிருந்து அடி வரை சமமாகப் பரவியிருந்தது. மறுநாள் பேரன் பேத்திகளுக்கு ஆளுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தேன். கல். பல் இறங்கவில்லை, உதடு ஒட்டிக்கொண்டது, உறிஞ்சினால் ஒன்றும் வரவில்லை. அவ்வளவு குளிரில் நாக்குக்கு இனிப்பே சரியாகத் தெரியாது. சைக்கிள் பெட்டியில் வந்த ஐஸ் எப்போதும் உருகிக்கொண்டே வந்தது, அதனால்தான் கையில் வாங்கிய கணமே தின்ன முடிந்தது. சின்னவள் அழுகிற மாதிரி என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் வாங்கி ஒரு தட்டில் அடுக்கி வாசல் வெயிலில் வைத்தேன். நாலு பேரும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். “ஆச்சா தாத்தா?” என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டார்கள். “பொறு, இன்னும் இளகட்டும்” என்றேன்.